பெரிய எழுத்தும் 'ஆர்' விகுதியும்

தாம்பரத்தை அடுத்த ஒரு பங்கில் நாம் பணியாற்றிய காலத்தில், ஆலயத்தின் வெள்ளி விழாவை முன்னிட்டு மலர் ஒன்று வெளியிட்டோம். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். இந்தப் புறநகர்ப் பங்குகளில் அது தவிர்க்க இயலாத ஏற்பாடு. விடியற்காலைத் தமிழ்த் திருப்பலிக்கு வரும் பெரியவரின் பேரப்பிள்ளைகள், அடுத்து நிகழும் ஆங்கிலத் திருப்பலிக்கு வருவார்கள். மலரின் மெய்ப்பைத் திருத்தித் தரச் சம்மதித்தவர், சென்னை அச்சகங்களில் நாற்பது ஆண்டுகள் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். இரண்டு நாள் கழித்து அவர் கொண்டுவந்த தாள்களில் சிவப்பு மை தாராளமாக ஓடியிருந்தது. நம் கண்ணில் முதலில் பட்டது, 'பரீஷ் பிரீஸ்ட்' என்ற இரு சொற்களின் முதலெழுத்துகளும் பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்தாக மாற்றப்பட்டிருந்ததுதான்.

காரணம் கேட்டோம். "சாமி, பட்டம் உங்க பேருக்கு முன்னாடி ஒட்டி வந்தா பெரிய எழுத்து. தனியா நின்னா அது பொதுப்பெயர், சின்ன எழுத்துத்தான். போப்பாண்டவருக்கும் அதே சட்டம்" என்றார். ஆயர், பங்குப் பேரவை உறுப்பினர், நன்கொடையாளர் என்று நாம் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருந்த அத்தனை பேரையும் அவர் கீழே இறக்கியிருந்தார். நாம் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மீண்டும் பெரிதாக்கினோம். விழா மலரில் ஆயரைச் சிறிய எழுத்தில் அச்சிட்டால் நாளை யார் பதில் சொல்வது? "உங்க மலர், உங்க இஷ்டம்" என்று பெரியவரும் விட்டுவிட்டார். ஆயினும் அந்தச் சிவப்பு மை நம்மை விடவில்லை. இந்தப் பெரிய எழுத்து என்பது எங்கிருந்து வந்தது, அது உண்மையில் யாருக்கு உரியது என்று தேடத் தொடங்கினோம்.

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த விதி எளியது. வாக்கியத்தின் முதலெழுத்து, மனிதர்க்கும் ஊர்க்கும் உரிய சிறப்புப் பெயர்கள், கிழமை, மாதம், மொழி, இனம் ஆகியவற்றின் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். இவ்விதியின் நுட்பத்தைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சில நிலையங்களில் பரங்கிமலை வந்துவிடும். 'மவுண்ட்' என்பது ஆங்கிலத்தில் ஏதோ ஒரு மலை. புனித தோமையாரின் பெயரோடு சேர்ந்தவுடன் அது ஒரே ஒரு மலையாகி, பெரிய எழுத்துப் பெற்றுவிடுகிறது. சைதாப்பேட்டைக்கு அருகிலுள்ள 'லிட்டில் மவுண்ட்' இன்னும் வேடிக்கை. சிறியது என்று பொருள்படும் சொல்லே பெரிய எழுத்தில் தொடங்குகிறது! தமிழில் அதே வேலையைச் சேர்த்தெழுதுதல் செய்கிறது. 'சின்ன மலை' என்று பிரித்தெழுதினால் எந்தச் சிறு குன்றும் ஆகலாம். 'சின்னமலை' என்றால் அந்த ஒன்றுதான். ரயில் நிலையப் பலகைக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஆங்கிலம் முழுவதும் பெரிய எழுத்து. எல்லாம் பெரிதாக இருக்கும் இடத்தில் எதுவும் பெரிதில்லை.

பண்டை உரோமையர் அவ்வாறே எழுதினர். அவர்களுடைய கல்வெட்டுகளில் பேரரசனுக்கும் பெரிய எழுத்து, அவன் வென்றடக்கிய அடிமைக்கும் பெரிய எழுத்து. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விவிலியக் கைப்பிரதிகளுள் சிறந்தவையான வத்திக்கான் பிரதியும் சீனாய்ப் பிரதியும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கிரேக்கத்தில் ஒரே அளவான எழுத்துகளில், சொற்களுக்கு இடையே வெளியும் இன்றி எழுதப்பட்டவை. எபிரேயத்துக்கும், நம் ஆண்டவர் பேசிய அரமேயத்துக்கும் இன்றுவரை பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. ஆனால் அவர்களிடம் வேறு வழிகள் இருந்தன. 1947-இல் சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த சுருள்களுள் அபக்கூக்கு நூலின் விளக்கவுரை ஒன்று உண்டு. அதில் இறைவனின் திருப்பெயரைக் குறிக்கும் நான்கு எழுத்துகள் மட்டும் வழக்கொழிந்த பழைய எபிரேய வடிவில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவரின் கை அந்த இடத்தில் நின்று, தயங்கி, தொன்மையான எழுத்துக்கு மாறியிருக்கிறது. கிரேக்கப் பிரதிகளிலோ கடவுள், இயேசு போன்ற திருப்பெயர்களைச் சுருக்கி எழுதி மேலே ஒரு கோடு இழுத்தார்கள்.

இரண்டு அளவு எழுத்துகளும் ஒன்றாகக் குடியிருக்கத் தொடங்கியது ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில். பேரரசர் சார்லமேனின் காலத்தில் மடங்களில் தெளிவான சிற்றெழுத்து ஒன்று உருவாகிப் பரவிற்று. 796 முதல் 804 வரை தூர் நகரின் புனித மார்ட்டின் மடத்துக்குத் தலைவராயிருந்த ஆல்க்வினும் அவருடைய துறவிகளும் அதை வளர்த்தவர்களுள் முக்கியமானவர்கள். நூலின் உடல் சிற்றெழுத்தில். தலைப்புக்கும் தொடக்கத்துக்கும் பழைய பெரிய எழுத்து. பின்னர் அச்சுக்கலை வந்தபோது, ஈய எழுத்துகளை இட்டுவைத்த பெட்டிகளில் பெரியவற்றுக்கு மேல்பெட்டியும் சிறியவற்றுக்குக் கீழ்ப்பெட்டியும் ஒதுக்கினார்கள். 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பெயர்கள் அந்தப் பெட்டிகளின் நினைவே. இதை நமக்குச் சொன்னவர் நம் மெய்ப்புப் பெரியவர்தாம். அவர் அந்தப் பெட்டிகளின் முன் நின்று வளர்ந்தவர்.

ஆங்கிலேயர் இந்த எழுத்தை எப்போதும் ஒரே சீராகப் பயன்படுத்தியதில்லை. 17, 18-ஆம் நூற்றாண்டு நூல்களைப் புரட்டினால் நாற்காலி, ரொட்டி, நாய் என எந்தப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில் நிற்பதைக் காணலாம். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனமும் அப்படித்தான். பிறகு ஆங்கிலம் அதைக் கைவிட்டது. ஜெர்மன் மொழி இன்றும் விடவில்லை. இன்னொன்று. ஆங்கிலத்தில் 'நான்' என்னும் சொல் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. 'நீ'க்குச் சிறிய எழுத்து. ஜெர்மனியில் நேர்மாறு: மரியாதையோடு விளிக்கும் 'தாங்கள்' பெரிய எழுத்து, 'நான்' சிறிய எழுத்து. ஆங்கிலேயரின் ஆணவம் என்று நம்முடைய குருமட நாள்களில் இதை வைத்துக் கேலி செய்ததுண்டு. அறிஞர் தரும் காரணம் மிகச் சாதாரணமானது. ஒற்றைக் கோடாக நிற்கும் சிறிய எழுத்து கைப்பிரதியில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே நீட்டி எழுதினார்கள்.

இனி நம் கத்தோலிக்கர் பலர் கேட்கும் கேள்விக்கு வருவோம். இறைவனைக் குறிக்கும் 'ஹீ', 'ஹிம்' போன்ற மாற்றுப்பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டாமா? எழுதாவிட்டால் பாவம் என்றே நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமியின் தாளில் ஆசிரியை இதற்காக மதிப்பெண் குறைத்ததை நாமே பார்த்திருக்கிறோம். ஆனால் ஆங்கிலக் கிறிஸ்தவத்தின் பெருமையெனப் போற்றப்படும் 1611-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலியம் இவ்வழக்கத்தைப் பின்பற்றவில்லை. அங்கே கிறிஸ்துவும் சிறிய எழுத்து 'ஹீ'. அவரிடம் வந்த தொழுநோயாளியும் சிறிய எழுத்து 'ஹீ'. 2011-இல் நடைமுறைக்கு வந்த ஆங்கிலத் திருப்பலி நூலிலும், நற்கருணை மன்றாட்டின் முடிவில் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திச் சொல்லும் புகழுரையில், 'அவர் வழியாக' என்பது சிறிய எழுத்தில்தான் அச்சாகியிருக்கிறது. இந்த மரியாதைப் பெரிய எழுத்து செல்வாக்குப் பெற்றது 19-ஆம் நூற்றாண்டில். அது பக்தியின் பழக்கம். இலக்கண விதியும் அன்று, திருச்சபையின் சட்டமும் அன்று.

ஜேம்ஸ் மன்னர் விவிலியம் தன் மரியாதையை வேறோர் இடத்தில் வைத்தது. மேற்சொன்ன நான்கெழுத்துத் திருப்பெயர் வரும் பெரும்பாலான இடங்களில் 'லார்ட்' என்ற சொல்லின் எல்லா எழுத்துகளையும் பெரிதாக அச்சிட்டது. சாதாரணமாகத் தலைவன் என்று பொருள்படும் இடத்தில் முதலெழுத்தை மட்டும். ஒரே சொல், அச்சின் அளவால் இரண்டாகிறது. பெரிய எழுத்தே இல்லாத தமிழ் என்ன செய்யும்?

தமிழ் முதன்முதலில் அச்சேறியது 1554-இல், லிஸ்பன் நகரில், உரோமை எழுத்துகளில் என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி. 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க மறைநூலை அச்சிட்டபோதுதான் தமிழ் தன் சொந்த எழுத்துக்கு வந்தது. ஓலைச்சுவடிகளில் அந்த எழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இருக்காது. எகரமும் ஏகாரமும் வேறுபாடின்றிக் கிடந்த நிலையை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் சீர்செய்தார். அவரும் பெரிய எழுத்து ஒன்றைத் தமிழுக்குச் சேர்க்க நினைக்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் கடவுளுக்கும் கடவுளரென மதிக்கப்படும் பிறவற்றுக்கும் ஒரே சொல். முதலெழுத்தின் அளவே வேறுபாடு. தமிழில் சொல்லையே தேட வேண்டியிருந்தது. அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான்' என்றார். 1606-இல் மதுரைக்கு வந்து, 1656-இல் நம் மயிலாப்பூரில் உயிர்நீத்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 'சருவேசுரன்' என்றார். நம் பாட்டிமார் அச்சொல்லாலேயே செபித்தார்கள். சீர்திருத்த சபையினருள் வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871-ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் இணைந்து உருவாக்கி, இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இருக்கும் திண்டிவனத்திலிருந்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. பிறவற்றைத் 'தெய்வங்கள்' என்கிறது. ஆங்கிலேயன் ஓர் எழுத்தை நிமிர்த்திவிட்டுப் போன இடத்தில் நம்மவர் நானூறு ஆண்டு வாதாடியிருக்கிறார்கள். அந்தத் திருப்பெயரையும் அதையொட்டிய தலைவர் என்னும் சொல்லையும் 1871-ஆம் ஆண்டின் நூல் 'கர்த்தர்', 'ஆண்டவர்' எனப் பிரித்தது. 1995-ஆம் ஆண்டின் நூல் 'ஆண்டவர்', 'தலைவர்' எனப் பிரிக்கிறது. இரு நூல்களையும் பக்கத்தில் வைத்து 110-ஆம் திருப்பாடலின் முதல் வரியைப் படித்தால், 'ஆண்டவர்' என்ற ஒரே சொல் ஒன்றில் ஒருவரையும் மற்றதில் வேறொருவரையும் குறிப்பது தெரியும். கலப்புத் திருமணக் குடும்பங்களில் இதனால் எழும் குழப்பத்தை நாம் அறிவோம்.

சொல் போதாத இடங்களும் உண்டு. 'ஸ்பிரிட்' என்பதைச் சிறிய எழுத்தில் எழுதினால் மனிதனின் ஆவி, பெரிய எழுத்தில் எழுதினால் தூய ஆவி. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் பவுலடிகள் எந்த ஆவியைச் சொல்கிறார் என்பது சில இடங்களில் அறிஞர்க்கே வழக்கு; கிரேக்கப் பிரதியின் எழுத்து உதவாது. தமிழிலோ 'ஆவி' வேறு, 'ஆவியார்' வேறு. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் ஆங்கிலம் 'வேர்ட்' என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, இது வெறும் சொல்லன்று என்று கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. தமிழில் முதல் வாக்கியம் அஃறிணையாகவே முடிகிறது: வாக்கு 'இருந்தது'. அடுத்த வாக்கியத்திலேயே 'அவர்' வந்துவிடுகிறார். பதினான்காம் வசனத்தில் வாக்கு மனிதர் 'ஆனார்'. அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு ஒரு வினைமுற்று ஏறிச்செல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கேட்டு என்கிறோம், பெரிய எழுத்தைக் கண்ணால் மட்டுமே காண முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது இல்லை. 'ஆர்' விகுதி அவர் காதிலும் விழும்.

ஆக, தமிழின் பெரிய எழுத்து அதன் விகுதியில் இருக்கிறது. இதுவும் விதியன்று, வழக்கே. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்தான், இலக்கண நெறி ஆகாது என்று தொல்காப்பியரே சொல்லதிகாரத்தில் வரையறுத்துவிட்டார். நெருக்கத்தின் காரணமாகத் தமிழ்ப் பக்திக் கவிஞர்கள் இறைவனையே 'அவன்' என்று உரிமையோடு பாடினார்கள். உரைநடையிலும் அன்றாடப் பேச்சிலும் நிலைமை வேறு. அங்கே 'அவன்', 'அவர்' என்பவை சாதியையும் கூலியையும் கணக்கிட்டுத் தரப்பட்டவை.

1871-ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பில் இயேசு 'சொன்னார்', பேதுரு 'சொன்னான்', மரியா 'சொன்னாள்'. எரிகோ வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயு ஒரு 'குருடன்'. அக்காலத்து வழக்கு அது; மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்ல நாம் வரவில்லை. 1995-ஆம் ஆண்டின் நூலில் பேதுரு, மரியா மட்டுமல்லர், கிணற்றடியில் நின்ற சமாரியப் பெண்ணும் 'ஆர்' பெற்றுவிட்டார். பர்த்திமேயு, பிச்சை எடுக்கும்போதே, பார்வை பெறுவதற்கு முன்பே, 'அவர்'.

ஒரு ஞாயிறு இப்பகுதி வாசிக்கப்பட்டபின் நம் மெய்ப்புப் பெரியவர் சக்ரீஸ்துக்கு வந்தார். "நாங்க படிச்ச காலத்துல குருடன்னுதான் இருந்திச்சு. எல்லாருக்கும் 'அவரு' போட்டுட்டா, சேசுநாதருக்குன்னு என்ன சாமி மிச்சம்?" என்றார். நம்முடைய பெரிய எழுத்தை இரக்கமின்றிச் சிறிதாக்கிய அதே மனிதர்! ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் சிறிய 'ஹீ' பற்றிச் சொன்னோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. எல்லார்க்கும் தரப்படும் மரியாதை எவரையும் தனித்துக் காட்டாது. ஆனால் மனிதரோடு மனிதராக எண்ணப்பட மனம்கொண்டவரைப் பற்றிய நூலுக்கு அது பொருந்தாத குறையா? மொழிபெயர்ப்பாளர்களும் முழுத்தூரம் போகவில்லை. ஏரோதுக்கும் யூதாசுக்கும் பழைய 'ஆன்' விகுதியே தரப்பட்டிருக்கிறது. பன்னிருவருள் ஒருவராக இருந்தவரை இலக்கணத்தால் தீர்ப்பிடலாமா என்பது நம் சிறிய ஐயம், இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அன்று அவரிடம் சொல்லாமல் விட்டோம், பின்னரே தோன்றியது. ஆங்கிலப் பெரிய எழுத்தின் விதிகளில் ஒன்றுக்கு மட்டும் பட்டம், பணம் எதுவும் கணக்கில்லை: மனிதனின் பெயர். அரசனின் பெயருக்கு எந்த அளவோ அதே அளவு இரப்பவனின் பெயருக்கும். ஆண்டவர் சொன்ன உவமைகளில் கதைமாந்தர்க்குப் பெரும்பாலும் பெயரில்லை; விலக்கு, செல்வர் வீட்டு வாயிலில் கிடந்த ஏழை இலாசர். செல்வரைப் பெயர் சொல்லி நூல் அழைக்கவில்லை. ஆங்கில விவிலியத்தில் அவருக்குச் சிறிய எழுத்து, இலாசருக்குப் பெரிய எழுத்து.

இனி மலருக்கு வருவோம். ஐந்நூறு படிகள் அச்சாகி வந்தன. கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்: ஆயர், முன்னாள் பங்குத்தந்தையர், நன்கொடையாளர்கள், பாடகர் குழுவினர், ஒலிபெருக்கி அமைத்தவர், அனைவரும் பெயரோடு. பட்டியலின் அடியில் தமிழில் 'கல்லறை வெட்டியான்' என்று இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் 'கிரேவ் டிக்கர்', சிறிய எழுத்தில். பெரியவரின் சிவப்பு மை அதைத் தொடவில்லை. விதிப்படி அது சரி.

படிகள் வந்த மறுநாள் மாலை அவருடைய மகள் வந்தார். ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் மழலையர்க்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர். மலரைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்து, "எல்லாருக்கும் பேரு போட்டிருக்கீங்க, பாதர். அப்பாவுக்குப் பேரு இருக்கு" என்றார். கோபம் இல்லை. நமக்குப் பதில் வரவில்லை. ஆறு ஆண்டுகள் அந்த மனிதர் வெட்டிய குழிகளின் அருகே நின்று நாம் செபம் சொல்லியிருக்கிறோம். அடக்கப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயரையும் நம் கையால் எழுதியிருக்கிறோம். திருமுழுக்குச் சடங்கில் குரு கேட்கும் முதல் கேள்வியே, குழந்தைக்கு என்ன பெயர் என்பது. இவர் பெயரை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. 'வெட்டியான்' என்ற சொல்லின் முடிவிலேயே 'ஆன்' ஒட்டிக்கொண்டிருப்பதும் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. 'வெட்டியார்' என்று இந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். இந்தக் கட்டுரையில் அதைப் போட வேண்டாம் என்பது மகளின் விருப்பம், மலரில் இருக்கிறது. இரண்டு மொழியிலும் துண்டுச்சீட்டு அச்சடித்து, பெரியவரும் மறைக்கல்விப் பிள்ளைகளும் நாமும் இரண்டு மாலைகள் உட்கார்ந்து ஐந்நூறு படிகளிலும் ஒட்டினோம். தமிழில் பெயரும், 'கல்லறைகளை அமைத்துத் தந்தவர்' என்பதும். ஆங்கிலத்தில் பெயர் பெரிய எழுத்தில், தொழில் சிறிய எழுத்தில். அதில் பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதே பக்கத்தின் உச்சியில் நாம் மீட்டுவைத்த 'பரீஷ் பிரீஸ்ட்' இரண்டு பெரிய எழுத்துகளோடு இன்றும் நிற்கிறது. அதற்குத் துண்டுச்சீட்டு அடிக்கவில்லை.